காப்புக் கட்டிய கையோடு பலாலிக்கு

எங்கள் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வீரம்மா அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பக்தி உள்ளவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அக்காவின் பக்தி உடம்பால் செய்கிற பக்தி.

அக்காவின் மகள் பிரியந்தி யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை கஜதீபன் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த வாத்தியார். இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியதும், திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக அக்கா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

மஞ்சள் காப்பு கையில் ஏறிய மறுநாள் மாப்பிள்ளையின் போன் வந்தது. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், வெள்ளிக்கிழமை ஒப்பரேசன். அம்மா முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று பிரியந்தி அழுகிறாளாம்.

காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லைக்கு வெளியே படுக்கக்கூடாது. மாப்பிள்ளைக்கும் அது தெரியும்.

"மாமி, கொழும்புப் பக்கம் ரத்மலானையில பிளேன் ஏறினா யாழ்ப்பாணம் பலாலிக்கு ஒரு மணித்தியாலம்தான். ரிக்கெற் போட்டிட்டன். காலமை வந்திட்டு இரவைக்கே வீட்டை போகலாம்."

அக்கா நம்பிக்கையோடு கோயிலுக்குச் சொல்லப் போனார். அங்கே நின்ற ஆட்டோக்காரன் திலக்ஷன் சிரித்துவிட்டான்.

"வானத்துல ஒரு மணி நேரம் சரிக்கா. ரத்மலானைக்கு மலை எறங்கவே ஆறு மணி நேரம் ஆகுமே. திரும்பி ஏற வேணாமா? பிளேனு நம்ம தோட்டத்துக்கு மேல வந்தா குதிச்சிருங்க."

முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை விமானம் சுருக்கிவிட்டது. எங்கள் மலைப்பாதையைச் சுருக்க யாருமில்லை. வாத்தியார் பறக்கிற நேரத்தை மட்டும் எண்ணியிருந்தார்.

பூசாரி முத்துலிங்கம் தலையை ஆட்டினார். "காப்ப நடுவுல அவுக்கக்கூடாது வீரம்மா. வெளிய போய்ப் படுக்கவும் கூடாது. வேற யாரையாச்சும் அனுப்பு."

"மக என்னையத்தானே கேக்குறா. படுத்தாத்தானுங்களே குத்தம்? நான் படுக்கல."

"ரெண்டு ராத்திரியுமா?"

"ஆமாங்க."

பூசாரி திருநீறு பூசிவிட்டு, "ஆத்தா பாத்துக்குவா, போ" என்றார்.

வியாழன் இரவு ரத்மலானைக்குப் போன வேனில் மற்றவர்கள் தூங்கி விழ, அக்கா நிமிர்ந்தே இருந்திருக்கிறார். விமானத்தில் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் பலாலியில் இறக்கிவிட்டார்களாம். ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகும் முன்னே மகளின் நெற்றியில் திருநீறு இட்டுவிட்டார். பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம்.

அன்றிரவு சம்பந்தி கனகாம்பிகை தன் வீட்டில் பாய் விரித்து, "கொஞ்சம் சரியுங்கோ" என்றிருக்கிறார்.

"இல்லீங்க, ஒக்காந்துக்கிறேன்" என்று அக்கா காப்பைக் காட்டினார்.

அந்த அம்மாள் பாயைச் சுருட்டிவிட்டார். "அப்ப நானும் படுக்கேல்லை. வாருங்கோ, பிள்ளை பெத்தவளுக்குச் சரக்கு வறுத்து இடிப்பம்."

மல்லியும் மிளகும் வறுத்து இடித்தபடி இரண்டு தாய்மாரும் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

காலையில், கொழும்பைச் சுற்றாமல் மலைக்குத் திரும்ப ஏறிய கண்டி பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. அக்கா அம்மனுக்கு நன்றி சொன்னாராம். உட்கார்ந்தால் கண் சொக்கிவிடுமே.

சனிக்கிழமை பொழுது சாயத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தார். மறுநாள் திருவிழாத் தப்பு மேளச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தார். அவிழ்க்காத காப்போடு அந்தக் கையிலேயே தீச்சட்டியை ஏந்தினார்.