கல் கோபுரத்துக்கு நான் காவல்

காவல் வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரகடம் பக்கத்துக் குன்றின்மேல் நிற்கும் கல் கோபுரத்துக்கு நான் காவல். கோயில் கோபுரம் இல்லை. நிலம் அளக்க வெள்ளைக்காரர்கள் கட்டியது. இப்போது அரசாங்கம் பாதுகாக்கும் சின்னம். அரசாங்கம் கீழே ஆபீசில் இருக்கிறது, மேலே நான் மட்டும். ‘தொடாதீங்க’ என்று சொல்லிப் பிழைக்கிற எல்லாருக்கும் என் பாடு புரியும்.

சாவி எழுத்து

கார் கம்பெனியில் வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர், பைக் சாவியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “பழைய காலத்துக் கல்லு தம்பி, இதுல பேர் எழுதலாமா?” என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “புதுசா எடம் புடிக்கலக்கா. ஏற்கெனவே இருந்த பேர அழிச்சிட்டு அங்கதான் எழுதுதேன்.”

தரப் பரிசோதனை

ஒரு கம்பெனி சூப்பர்வைசர் குடும்பத்தோடு வந்தார். கோபுரத்தை மூன்று முறை சுற்றினார், செல்போனைச் சுவரில் வைத்துச் சாய்வு பார்த்தார். ஒருவழியாக ஒரு ரசிகர் வந்துவிட்டார் என்று நினைத்து, இங்கிருந்து அடுத்த மலைக்கு எப்படி அளந்தார்கள் என்பதையெல்லாம் தொண்டை வறளச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “எங்க லைன்ல வந்திருந்தா இத ரிஜெக்ட் பண்ணியிருப்பேன் மேடம்.”

வாசப்படி

உச்சி வெயிலில் டங் டங்கென்று சத்தம். அடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர் கடப்பாரையால் அடிக்கல்லை நெம்பிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே விரிசல் விட்ட பக்கம். அந்தக் கல் போனால் மேலே உள்ளதும் வரும். கடப்பாரைமேல் ஏறி நின்றுகொண்டேன், போலீசைக் கூப்பிடுவேன் என்றேன். அவருக்குத்தான் என்மேல் வருத்தம்: “வூட்டு வாசப்படிக்கு ஒரு கல்லுதான் கொறையுது. இங்க இத்தினி கீதே, ஒண்ணு குடுத்தா இன்னாக்கா?”

எச்சரிக்கைப் பலகை

அந்த விரிசலைப் பற்றி ஆபீசுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதிலாக ஒரு கான்ட்ராக்டர் வந்தார். கொண்டுவந்தது சிமென்ட் இல்லை, ‘சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்’ என்ற இரும்புப் பலகை. அதை மாட்ட, கோபுரத்திலேயே டிரில்லால் நாலு ஓட்டை போட ஆரம்பித்தார். மூன்றாவது ஓட்டையில் நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அவர் சொன்னார்: “பப்ளிக் ஓட்ட போட்டாத்தாம்மா சேதம், நாங்க போட்டா பராமரிப்பு.”

இறங்கி வந்த பெண்

செல்போன் கம்பெனி ஹாஸ்டல் பெண் ஒருத்தி, பூட்டியிருந்த கம்பிக்கதவைத் தாண்டி உச்சிவரை ஏறிவிட்டாள். இறங்கும்போது குறுகலான படியைப் பார்த்துப் பயந்து, அப்படியே சுவரைக் கட்டிக்கொண்டாள். கூட வந்தவர்கள் கீழே நின்று வீடியோ எடுத்தார்கள். வலிக்கிற முழங்காலோடு நான் ஏறினேன். “கீழ பாக்காத பாப்பா, என் மூஞ்சியப் பாரு” என்று சொல்லிச் சொல்லி, அவள் பாதத்தை ஒவ்வொரு படியிலும் நானே எடுத்து வைத்தேன். ஒரு படிக்கல் அசைந்தபோது என் உயிரும் போய் வந்தது. தரைக்கு வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அக்கா, செருப்ப மேலயே விட்டுட்டேன்.”

மனிதர்களிடமிருந்து கல்லைக் காப்பாற்ற என்னை வைத்திருக்கிறார்கள். இந்த மனிதர்களிடமிருந்து என்னைக் காப்பாற்ற இன்னும் யாரையும் வைக்கவில்லை.