பத்தாம் நாள் கறுக்கும் பச்சை

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் மைக்காரி. முகத்துக்கு நேரே மைக்காரம்மா. மை வைத்து யாரையும் மயக்கியதாகத் தகவல் இல்லை. பத்தொன்பது வருடமாகப் பிறப்புப் பதிவேட்டைக் கையால் எழுதி வந்தாள், அவ்வளவுதான். அந்த ஊரில் பத்தொன்பது வயதுக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் அவள் எழுதிய பிறகுதான் சட்டப்படி பிறந்தார்கள். அதற்கு முன் தொட்டிலில் கிடந்து கத்தியதெல்லாம் சேர்த்தி இல்லை.

அவள் இடதுகைக்காரி. எழுத்து வலப்பக்கம் நகர நகர, இடது கை பின்னாலேயே வந்து அதைத் துடைத்துக்கொண்டு போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மூன்று குழந்தைகளின் பெயரை உள்ளங்கை விளிம்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நாலாவது குழந்தையைக் காப்பாற்றியது ஒரு எழுதுபொருள் கடைக்காரர். அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டுத் துழாவி, தூசி படிந்த ஒரு புட்டியை எடுத்து வைத்தார். கரும்பச்சை இரும்பு மை.

இரும்பு உப்பும் மாசிக்காய்ச் சாறும் சேர்ந்த பழைய ரகம் அது. சட்டென்று உலரும். காகிதத்தின் மேலே உட்காராது, உள்ளே இறங்கிக் கடித்துக்கொள்ளும். எழுதும்போது இலைப் பச்சை. மறுநாள் பாசிப் பச்சை. பத்து நாள் போனால் கறுப்பு என்றே சத்தியம் செய்யலாம். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் மட்டும் பச்சை ஓரக்கண்ணால் எட்டிப் பார்க்கும்.

"இது பேனாவைத் தின்னும்மா," என்று எச்சரித்தார் கடைக்காரர்.

"பேனாவைத்தானே? தின்னட்டும்."

தின்றது. இரண்டு எஃகு நிப்புகளைக் கரையான் மாதிரி அரித்துத் தின்றுவிட்டு, மூன்றாவதாக வந்த தங்க நிப்பிடம் பல் இறங்காமல் சமாதானமானது. அதற்கும் கவனிப்பு வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை, கழுவு தொட்டியில் தண்ணீர் தெளிவாக வரும்வரை பேனாவை உறிஞ்சவிட்டுத் துப்பவிட வேண்டும். மறந்தால் மை உள்ளே கட்டிக்கொள்ளும். பேனா நாலு நாளைக்கு முகம் கொடுத்துப் பேசாது.

மூன்றாம் வருடம் மாடியில் குழாய் வெடித்து, பதிவேட்டு அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மீன் துள்ளியதாகக்கூடச் சொன்னார்கள். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. அவளுக்கு முன்னால் இருந்தவர் நீல மையில் எழுதிய பக்கங்கள் வெள்ளையாய் வெளுத்துப்போயின. ஒரு வருடத்துக் குழந்தைகள் ஒரே மதியத்தில் பிறக்காதவர்கள் ஆனார்கள். அதில் ஒருவர், மீசையும் தொப்பையுமாகக் கவுண்ட்டரில் நேரில் நின்று, தான் பிறந்ததை மூன்று மாதம் வாதாடி நிரூபித்தார். மைக்காரியின் பக்கங்களை எடுத்து வெயிலில் காயப் போட்டார்கள். சாயம் கொஞ்சம் ஓடியிருந்தது. எழுத்து இம்மி அசையவில்லை. அன்று வந்தது விதி: பதிவேட்டில் அழியாத மை மட்டுமே.

இன்னொரு விதி ஏற்கெனவே இருந்தது. எழுதியதைச் சுரண்டக் கூடாது, பூசி மறைக்கக் கூடாது. தவறினால் அடியில் இருப்பது படிக்கும்படியாக ஒற்றைக் கோடு. பக்கத்தில் தலைமை அலுவலரின் பச்சைக் கையெழுத்து. மைக்காரிக்கு இந்த விதி மனப்பாடம், ஆனால் உபயோகப்பட்டதில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு திருத்தம் கிடையாது. இதை அவள் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. மற்றவர்கள் பீற்றிக்கொள்வதற்கு வேண்டிய நேரம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் அவளும், பக்கத்துத் தெருவில் தங்கையும். அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினேழு. அன்றிலிருந்து பள்ளிக்கூட விண்ணப்பம், மருத்துவமனைச் சீட்டு, பரீட்சைப் படிவம் எதுவானாலும் 'தாய் அல்லது பாதுகாவலர்' என்ற கட்டத்தில் இவள்தான் பெயர் எழுதினாள். கையெழுத்தும் இவள்தான். கல்யாணப் பதிவில்கூட அந்தக் கட்டம் இருந்தது, விடவில்லை.

தங்கைக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது.

"என் பிள்ளைய நீதான்க்கா பதிவேட்டுல எழுதணும்," என்றாள் தங்கை. "வேற எவனாவது பேனாவத் தூக்கினா, பெத்துக்கவே மாட்டேன்."

"உள்ள இருக்கறவங்க கேப்பாங்களாடி? பத்து மாசமானா எடத்தக் காலி பண்ணித்தானே ஆகணும்."

"அப்ப சத்தியம் பண்ணு."

மைக்காரி சத்தியம் செய்தாள். தன் இருக்கையைத் தன்னிடமிருந்து யார் பிடுங்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

தங்கைக்குப் பத்தாம் மாதம் நடக்கும்போது புதுத் தலைமை அலுவலர் வந்தார். எதையும் இரண்டு முறை சொல்வார். பதவி உயர்வின்போது யாரோ பரிசளித்த பச்சை ஜெல் பேனாவை, மூடி வெளியே தெரியும்படி சட்டைப் பையில் குத்தியிருப்பார். வந்த இரண்டாம் நாளே பச்சைக்கிளி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மூன்றாம் நாள் பதிவேட்டு அறைக்குள் வந்தார். மைக்காரி ஒரு இரட்டைக் குழந்தையின் இரண்டாவதை எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது? இது என்ன?"

"பொறப்புப் பதிவேடு சார்."

"பச்சை! பச்சையில எழுதறீங்க!"

"இப்பதான் சார் பச்சை. போகப் போகக் கறுத்துடும்."

"பச்சை எனக்கு. எனக்கு மட்டும்தான். இந்தக் கட்டடத்துல வேற யாரும் பச்சையத் தொடக்கூடாது, தொடக்கூடாது."

சாயந்தரம் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை தொங்கியது, பச்சைக் கையெழுத்தோடு. மறுநாள் அவளுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பு. அவள் பதில் எழுதினாள். கையில் இருந்த பேனா எதுவோ அதனால்தான் எழுத முடியும். அந்தப் பதிலைப் பார்த்து அவர் கொதித்துப்போனார். மூன்று சாட்சிகளை நிற்கவைத்து, ஒரு வெள்ளைத் தாளில் 'இது என் வழக்கமான மை' என்று அவளை எழுதச் சொன்னார். இலைப் பச்சையில் வரி பளிச்சென்று விழுந்தது. தாளை உறையில் போட்டு அரக்கு வைத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை அவள் பதிவேட்டைத் தொடக் கூடாது. தபால் பிரிவில் முத்திரை குத்த வேண்டும்.

அவள் இடத்தில் உட்காரவைத்தது ஒரு கறுப்புப் பேனாக்காரரை. தங்கமான மனிதர், ஆனால் புள்ளி வைப்பது அவருக்கு ஆகாது. முதல் வாரத்திலேயே நாலு குழந்தைகளுக்குப் பெயரில் புள்ளி போய், பெற்றவர்கள் வாயிலேயே நுழையாத புதுப் பெயர்கள் உண்டாகிவிட்டன. தவறு என்று தெரிந்தால்தானே திருத்துவார்? நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அவள் முத்திரை குத்திய மூன்றாம் நாள் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருபத்தோரு நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் உறுதிமொழிப் பத்திரம், விசாரணை, நடை.

"மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போய் நாளைக்கே பதிஞ்சுடு," என்றாள் மைக்காரி, மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து.

"அந்தப் புள்ளி வைக்காத ஆளுகிட்டயா? என் பொண்ணு பேருல மூணு புள்ளி இருக்கு. மூணு!"

"நின்னு சொல்லச் சொல்றேன்."

"நீ சத்தியம் பண்ணிருக்க."

"பச்சை உடம்புக்காரி, கத்தாதடி. தையல் பிரிஞ்சுடும்."

"பிரியட்டும். உன் பேனா வர்றவரைக்கும் எம்பொண்ணு பொறக்கல."

ஐந்தாம் நாள், எட்டாம் நாள், பதினொன்றாம் நாள். மைக்காரி காலையில் தபால் பையைப் பிரித்ததும் தலைமையகத்து உறை இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு முத்திரை குத்துவாள். வெள்ளிக்கிழமை வந்தால், எழுதாத பேனாவையும் கழுவினாள். மாப்பிள்ளை தினம் அலுவலக வாசல்வரை வந்து படிவத்தோடு திரும்பிப் போனார். பதினாறாம் நாள் அவரே, "அக்கா, ஒருவேள புள்ளிய நாமளே வீட்டுல வச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார்.

இருபதாம் நாள் காலை பையில் உறை இருந்தது. அதைப் பிரித்துப் படித்த தலைமை அலுவலர் பத்து மணிக்குத் தொலைபேசியில் பேசும் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. கதவருகே பியூன் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அன்று அந்தக் கதவில் அவ்வளவு தூசி.

"பச்சையாத்தான் சார் இருந்துச்சு, பச்சையாத்தான்... மூணு பேர் சாட்சி சார்... இல்ல சார், நான் உறைய மாத்தல, மாத்தல... அதெப்படி சார் கறுப்பு?"

பியூன் நேராகத் தபால் பிரிவுக்கு வந்தார். "அம்மா, தலைமையகத்துல உறையப் பிரிச்சிருக்காங்க. உள்ள கறுப்பா ஒரு வரி இருந்துச்சாம். 'இது என் வழக்கமான மை'ன்னு. இதுல என்னய்யா குத்தம், பச்சை எங்கய்யான்னு கேக்கறாங்க. காய் பழுத்த மாதிரி வழியிலயே பழுத்துடுச்சான்னு வேற கேட்டாங்களாம்."

"இவர் என்ன சொன்னாரு அண்ணே?"

"ரெண்டு தடவ 'ஆமா சார்'னாரு."

மறுநாள் அவளைப் பழைய இருக்கையில் உட்காரவைக்கும் உத்தரவு வந்தது. அது இருபத்தோராம் நாள். உத்தரவில் கையெழுத்தாகி, பிரதி எடுத்து, கறுப்புப் பேனாக்காரர் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக் கண்டுபிடிக்க மாலை நாலு மணி. ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூட வேண்டும். மாப்பிள்ளை படிவத்தை நீட்டினார்.

மைக்காரி பேனாவின் மூடியைத் திருகினாள். தேதி, மணி, பாலினம். குழந்தையின் பெயர், மூன்று புள்ளிகளும் மூன்று விதைபோல விழுந்தன. தந்தையின் பெயர். தாயின் பெயர்.

எழுதி முடித்துவிட்டுத்தான் படித்தாள். தாயின் பெயர் என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. அந்த வீட்டுக் காகிதம், அந்தக் கட்டம். முப்பது வருடமாகப் போய்வந்த வழியில் கை தானாகப் போயிருந்தது. மை அதற்குள் உலர்ந்துவிட்டது.

"என்னக்கா?" என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணுமில்ல. உங்க பொண்ண நான் பெத்துட்டேன்."

பதிவேட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு தலைமை அலுவலர் அறைக்குப் போனாள். மணி நாலு நாற்பது. முந்தின நாள் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"திருத்தம் சார். உங்க கையெழுத்து வேணும்."

"திருத்தமா? நீங்களா? நீங்களா?"

குனிந்து படித்தார். "இது உங்க பேரு. உங்க பேராச்சே."

"ஆமா சார். பொறந்தது என் தங்கச்சி பொண்ணு. சின்ன வயசுல இருந்து அவ காகிதத்துல அந்தக் கட்டம் என்னுது. கை போயிடுச்சு."

கையெழுத்துப் போடாமல் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல அவருக்கு முழு அதிகாரம் இருந்தது; நாளைக்குக் குழந்தை தாமதக் கணக்கில் போயிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜெல் பேனாவை உருவினார். முனை காகிதத்தைத் தொடப்போகையில் மைக்காரி சொன்னாள்:

"சார், அது தண்ணி பட்டா ஓடிடும். பதிவேட்டுல அழியாத மைதான் போடணும், விதி."

"கறுப்பு அழியாது. கறுப்புல போடறேன்."

"திருத்தத்துல உங்க கையெழுத்து பச்சையா இருக்கணும் சார். அதுவும் விதி."

அவர் இரண்டு விதிகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் அழியாததாகவும் பச்சையாகவும் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அவள் அதை மூடி திறந்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

வாங்கினார். நிப்பைத் தலைகீழாகப் பிடித்தார், அவள் திருப்பிவிட்டாள். அவள் பெயரின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து. பழக்க தோஷம், இரண்டு முறை போட்டார். ஈரப் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் கறுத்துடுமா? கறுத்துடுமா?"

"பத்து நாள் ஆகும் சார்."

"அப்புறம் எது யார் எழுத்துன்னு எப்படித் தெரியும்?"

"தப்பு என்னுது சார். ரெண்டு தடவ இருக்கறது உங்களுது."

கோட்டுக்குக் கீழே தங்கையின் பெயரை எழுதி, நாலு ஐம்பத்தைந்துக்குப் பதிவேட்டை மூடினாள்.

சுற்றறிக்கையை யாரும் திரும்பப் பெறவில்லை. ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடத்தில் அது இன்னமும் தொங்குகிறது. பச்சைக் கையெழுத்து வெளுத்துப்போய், யார் போட்ட உத்தரவு என்றே தெரிவதில்லை.

மாப்பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அன்று மாலை மைக்காரி வீட்டுக்குள் நுழையும்போதே, பிள்ளைபெற்று அங்கே தங்கியிருந்த தங்கை பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"வேணும்னேதானே எழுதின?"

"கைப்பழக்கம்டி."

"பத்தொம்பது வருஷமா வராத தப்பு எம்பொண்ணுக்குத்தான் வருமா?"

"கோடு போட்டாச்சுல்ல."

"கோட்டுக்கு அடியில தெரியுதாமே."

"தெரியணும். அதுதான் விதி," என்று சொல்லிவிட்டு, மைக்காரி கழுவு தொட்டிப் பக்கம் போனாள். அன்று வெள்ளிக்கிழமை. தண்ணீர் தெளிவாக வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.