கிராட் கோட்டையின் முன்வாசல்

"அங்கிள், அப்பா மோசம் போயிட்டார்" என்று சிவம் அண்ணையின் மகள் தொலைபேசியில் அழைத்தபோது, நான் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். காருக்குள் ஏறி இருந்து வாய்விட்டு அழுதேன். அந்த அழுகையில் கலப்படம் இல்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றால்தான் இதை எழுதக் கை ஓடவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, "அந்தக் கோட்டைக் கதையை நீங்கள்தான் எழுதவேணும்" என்று அவள் கேட்டிருக்கிறாள். எழுதுகிறேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கதையில் பாதி தெரியும். அகதியாக வந்த வழியில், கூட்டிவந்த ஏஜென்ட் எங்கள் இருவரையும் ஆஸ்திரிய எல்லைக்குக் கிட்ட ஒரு சின்னக் கிராமத்தில் இறக்கிவிட்டு மறைந்தான். அன்று யூகோஸ்லாவியா, இன்று ஸ்லோவேனியா. ஊரின் பெயர் கிராட். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருளே கோட்டை. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அறை உண்டென்று அதைப் பற்றிச் சொல்வார்களாம். நாங்கள் கண்டதோ கூரை ஒழுகிய ஒரே ஓர் அறையைத்தான். பின்சுவர் உடைவால் புகுந்து, பொழுது சாயும்வரை ஒளித்திருந்தோம். "தம்பி, உயிர் தப்பினா ரெண்டு பேருமா திரும்பி வந்து, டிக்கெட் எடுத்து முன்வாசலால போகோணும்" என்றார் அண்ணை. நான் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இங்கே வந்து சேர்ந்து பார்க்டேலில் ஒரே அறையில் படுத்த காலத்திலும், ஸ்காபரோவுக்கு வந்த பிறகும், கோட்டைக்குப் போவமா என்று நான் அவரைக் கேட்காத கோடை இல்லை. "வாற வருசம் பாப்பம்" என்பார். தங்கை மகளின் கல்யாணத்துக்கு வியன்னா போனவன், அவ்வளவு கிட்ட இருந்தும் அண்ணை இல்லாமல் என்ன கோட்டை என்று திரும்பிவிட்டேன்.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் அவருடைய படங்களைத் திரையில் ஓடவிட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் அண்ணை, குடும்பத்தோடு, அந்த முன்வாசலில் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"எப்ப போனனீங்கள்?" என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"போன வருசம். உங்களையும் கேட்டவராம். வரமாட்டன் எண்டு சொன்னீங்களாம்?"

அவர் கேட்கவே இல்லை. செத்தவரையும் மோசம் போனவர் என்கிறோம், ஏமாந்தவரையும் அப்படித்தான் சொல்கிறோம். அந்த மண்டபத்தில் அன்று நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

ஏன் என்னை விட்டுவிட்டுப் போனார் என்பதை, மகள் வந்து கையைப் பிடித்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். "அங்கிள், அப்பா அங்க வச்சுப் பிள்ளையளுக்கு ஃபுல் ஸ்டோரியும் சொன்னவர். கால் சுளுக்கின உங்களை முதுகில சுமந்து போர்டர் கடந்ததெல்லாம்" என்றாள். பெட்டிக்கு முன்னால் அழுகிற பிள்ளையிடம் என்ன சொல்வது? "ஓம் பிள்ளை" என்றேன்.

பிள்ளை, கால் சுளுக்கியது அப்பாவுக்கு. அந்தச் சுவர் உடைவால் வெளியே குதித்தபோது. காடு முழுக்கச் சுமந்தது நான். "என்னை விட்டிட்டுப் போ தம்பி, நீயாவது தப்பு" என்று அவர் என் தோளில் முகம் வைத்து அழுதார். நான் இறக்கவில்லை.

எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர், என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அவற்றையெல்லாம் மற்றவர்கள் எழுதட்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, என் முதுகில் இருந்த அவருடைய பாரத்தை மட்டுந்தான். அதை அவருக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.