இரண்டு ரூமும் கேட்ட ஒரு வோட்டு

கிரீன்லாந்து என்று ஒரு நாடு இருப்பது அபுதாபியின் ருவைஸ் காம்பில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த மறுநாளே சமையல் நின்றுபோனது.

1982-ஆம் வருடம். ஏழாம் பிளாக்கில் மூன்று ரூம்கள் சேர்ந்து ஒரு மெஸ் நடத்தின. இந்தியா ரூமில் பத்துப் பேர், சிலோன் ரூமில் ஒன்பது பேர், சிட்டகாங்கிலிருந்து வந்த லுக்மானின் ரூமில் நாலு பேர். மூன்று நாட்டுக்கும் ஒரே அடுப்பு என்பதால் அடுப்படிக் கதவில் யாரோ கரியால் ‘ஐக்கிய சோற்று எமிரேட்ஸ்’ என்று எழுதிவைத்திருந்தார்கள். அடுப்பும் காஸும் சிலோன் ரூமுடையவை. அண்டாவும், அதில் கரண்டி போடும் உடையப்பனும் இந்தியா ரூம். லுக்மானின் ரூம் கொண்டுவந்தது பசி. அதையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தாலே மற்றவர்களுக்கும் இரண்டு பிடி கூட இறங்கும்.

மெஸ்ஸுக்கு ஒரே ஒரு சட்டம். யார் எதைக் கொண்டுவந்தாலும் பொதுச் சட்டிக்குத்தான் போகவேண்டும். அந்தச் சட்டம்தான் சிலோன் ரூம் தியாகராசாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. அவன் மயிலிட்டிக் கடற்கரையில் வளர்ந்தவன். இங்கே குழாய் பொருத்துகிற வேலை என்றாலும், வெள்ளிக்கிழமை வந்தால் தூண்டிலோடு கடலோரக் கல்லணைக்குப் போய் ஹமூர், ஷேரி என்று மீனாக அள்ளிக்கொண்டு வருவான். சட்டிக்குள் போன மீன் அவனுடைய தட்டுக்குத் திரும்பி வரும்போது வாலாக மாறியிருக்கும்.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் ஸ்டோர்கீப்பர் கனகரத்தினத்தின் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. கிரீன்லாந்துச் சனங்கள் வோட்டுப் போட்டு, ஐரோப்பிய நாடுகளின் கூட்டைவிட்டு வெளியேற முடிவு செய்திருக்கிறார்களாம். பெரிய காரணம் மீனாம்.

தியாகராசா கட்டிலிலிருந்து துள்ளி எழும்பினான். “கேட்டியளே அண்ணை! ஐஸுக்குள்ள கிடக்கிற சனம். தங்கட கடல்ல மற்றவன் வந்து மீன் அள்ளுறான் எண்டு வெளியில போகுதுகள். நான் பிடிக்கிற மீன்ர நடுத்துண்டை உடையப்பற்ற ஆக்கள் திண்டுட்டு எனக்கு வாலைப் போடினம். நாங்கள் மட்டும் என்னத்துக்கு உள்ளுக்குக் கிடக்கவேணும்?”

“போனா ஆர் சமைக்கிறது?” என்றார் கனகரத்தினம். வயதிலும் வயிற்றிலும் அந்த ரூமில் பெரியவர் அவர். “ரமழானுக்கு உடையப்பன் லீவில போனநேரம் நீ வைச்ச சோறு இன்னும் அண்டா அடியில ஒட்டிக் கிடக்கு, பாத்தனியே?”

செய்தி சுவரைத் தாண்டி இந்தியா ரூமுக்குப் போனது. உடையப்பன் கரண்டியோடு வாசலில் வந்து நின்றான். “போறதா இருந்தா எல்லா ரூமும் சேர்ந்துல்ல ஓட்டுப் போடணும்? நீங்க பாட்டுக்கு அடுப்பத் தூக்கிட்டுப் போனா நான் எங்க தலையிலயா சோறு வைக்கிறது?”

“வெளியில போறவன்தான் வோட்டுப் போடவேணும். கலியாணம் கட்டிப் போற பொம்பிளை ஊர் முழுக்கக் கேட்டிட்டே போறவள்?” என்றான் தியாகராசா.

உடையப்பன் கரண்டிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டே அடுப்படிக்குத் திரும்பினான். சிலோன் ரூம் மட்டும் வோட்டுப் போடுவதென்று முடிவாகி, கட்டிலில் உட்கார்ந்தபடியே கை தூக்கினார்கள். வெளியேற நாலு கை. இருக்க நாலு கை. ஒன்பதாவது ஆள் டூட்டியில் இருந்தான். அவன் இல்லை என்பதே எண்ணி முடித்த பிறகுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

நாலுக்கு நாலு என்றதும் மெஸ் அப்படியே உறைந்துபோனது. அடுப்பைத் தொடாதே என்றது இந்தப் பக்கம். அண்டாவைத் தொடாதே என்றது அந்தப் பக்கம். அடுப்பு ஒரு மூலையிலும் அண்டா ஒரு மூலையிலும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இருந்தன. இருபத்து மூன்று பேரும் குபூஸ் ரொட்டியைத் தகர டின் பயறில் தொட்டுத் தின்றார்கள். லுக்மான் தினமும் வந்து எட்டிப்பார்த்து, “பாய், ஃபைசலா ஹுவா?” என்று கேட்பான். முடிவாகவில்லை என்றதும் ஒரு பெருமூச்சை அங்கேயே வைத்துவிட்டுப் போவான்.

அந்த ஒன்பதாவது ஆள்தான் பழனியாண்டி. இலங்கை மலையகத்தில் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவன். ருவைஸில் உயரத்தில் சாரம் கட்டுகிற வேலை. மலையில் வளர்ந்த கால் என்பதால் தலை சுற்றாது. ஒல்லி ஆள், பேச்சுக் குறைவு. சிலோன் ரூமில் மற்ற எட்டுப் பேரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் அவனுக்குக் கெடுதல் செய்ததில்லை. ரேடியோவில் எந்த நிலையம் போடுவது, ஃபேனை எந்த வேகத்தில் விடுவது என்று அவனைக் கேட்டதுமில்லை.

கேட்கப்படாமல் இருப்பது அவனுக்குப் பழகிப்போன விஷயம். அவன் பிறந்த வருடத்தில்தான் தோட்டத்துச் சனங்களை இலங்கைப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் போட்டார்கள். இவர்கள் இந்தியாவின் ஆட்கள் என்றது இலங்கை. இல்லை, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்றது இந்தியா. கடைசியில் இரண்டு தேசத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து தலைகளைப் பங்கு போட்டார்கள். அண்ணன் இந்தியப் பங்கில் விழுந்து தலைமன்னாரில் கப்பல் ஏறினான். பழனியாண்டி இலங்கைப் பங்கில் விழுந்தான். அவனுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வரும்போது மீசையில் ஒரு நரை வந்திருந்தது. பத்திரத்தைக் காட்டிப் பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறிவிட்டான். ஆக, முப்பத்து நாலு வயதுவரை ஒரு வோட்டும் போட்டதில்லை. அவனுடைய அப்பா செத்தது பறிபோன வோட்டுத் திரும்பி வராமலே.

ஆனால் வோட்டுப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறான். தேர்தல் நாளில் பக்கத்துக் கிராமத்துச் சனங்கள் தோட்டத்து ரோட்டு வழியாகத்தான் போவார்கள். வெளுத்த உடுப்பும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாகப் போவார்கள். திரும்பி வரும்போது அவர்களுடைய நடையில் ஒரு மாற்றம் இருக்கும். கூடையைச் சுமந்தபடி லயத்துப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். “நமக்கில்ல, மலைக்கு ஏறுங்க” என்பார் கங்காணி.

இப்போது அந்தப் பழனியாண்டியைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

முதலில் தியாகராசா. கையில் சுட்ட ஹமூர்த் தலை, எலுமிச்சம்பழம் பிழிந்தது. “பழனி, சாப்பிடு. நீ எங்கட ஆளல்லோ? உன்ர பாஸ்போட் சிலோன், என்ர பாஸ்போட் சிலோன். எங்களுக்கு ஒரு கை குறையுது.”

தலை எலும்பாவதற்குள் உடையப்பன் வந்தான். “ஏன் மாப்ள, ஒங்க தாத்தா தொறையூர்ப் பக்கமாமே? எங்க அக்காளக் கட்டிக்குடுத்த ஊருக்கு ரெண்டு ஸ்டாப்பிங் தள்ளித்தாண்டா தொறையூரு! நீ நம்ம ரத்தம். பாஸ்போட்டு என்ன பாஸ்போட்டு, அது வெறும் காயிதம். பானைய ஒடைக்க நீ சம்மதிப்பியா?”

பழனியாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். அந்த ரூமில் அவன் சத்தம்போட்டுச் சிரித்து அதுவரை யாரும் கேட்டதில்லை. மீன்தலையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இந்தப் பேச்ச நான் பொறந்த வருசம் வந்து பேசியிருந்தீங்கன்னா, எங்கப்பா ஒங்க ரெண்டு பேருக்கும் கோழி அடிச்சுப் போட்டிருப்பாரு.”

தியாகராசாவுக்கு அது விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டான். உடையப்பனுக்குக் கோழி மட்டும் விளங்கியது.

“சரி, போடுறேன்” என்றான் பழனியாண்டி. “ஆனா கை தூக்க மாட்டேன்.”

“பின்னை?”

“பெட்டி வேணும். சீட்டு வேணும். நின்னு போட ஒரு மறைப்பு வேணும். எல்லாரும் முதல்லருந்து போடணும்.”

“ஒம்பது பேருக்குப் பெட்டியோ! விசரே உனக்கு?” என்றான் தியாகராசா.

“கை தூக்குறது வோட்டு இல்லீங்க. காலையில வேலைக்கு ஆள் எண்ணுறப்ப தோட்டத்துல தெனமும் தூக்குனோம். கைய எண்ணுவாங்க, நம்மள எண்ண மாட்டாங்க.”

அரியரத்தினம் குறுக்கே வந்தான். ரூமில் இளையவன், கணக்கில் புலி என்று அவனே சொல்லிக்கொள்வான். “பழனி அண்ணை, எட்டுப் பேற்ற வோட்டும் எங்களுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்தவுடன எது கூடியிருக்கோ அதுதான் உங்கட வோட்டு. இதில என்ன இரகசியம் கிடக்கு?”

பழனியாண்டி இதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் சொன்னான்: “நீங்க கணக்குப் போட்டுக் கண்டுபுடிச்சா அது ஒங்க கெட்டித்தனம். நான் காட்ட மாட்டேன்.”

அந்தப் பிடிவாதத்தில் இன்னும் சில நாள் பயறுக்குப் போயின. பொறுக்க முடியாமல் சிலர் ரூமுக்குள்ளேயே மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றவைக்க, வாசனை பிடித்து வந்தார் காம்ப் பாஸ் கலீல் ரஹ்மான். பெஷாவர்க்காரர், கதவு நிறைய நிற்கிற ஆள். “ரூம் மே ஆக்? ரூமுக்குள் நெருப்பு மாஃபி! வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் கிச்சனுக்குப் பூட்டு, எல்லோரும் கேன்டீன் பருப்பு. கலாஸ்!” என்று இந்தியும் அரபியும் கலந்து இடித்துவிட்டுப் போனார். கேன்டீன் பருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பெட்டிக்கு எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்.

பால்மா டின் மூடியில் ஓட்டை போட்டு உடையப்பன் பெட்டி செய்தான். இருப்பதற்குப் பானைச் சின்னம், வெளியேறுவதற்கு மீன் சின்னம். தியாகராசா வரைந்த மீனுக்குச் செதில் எல்லாம் இருந்தது. பானையைக் கொஞ்சம் ஓட்டையாக வரைந்துவிட்டான் என்று ஒரு தகராறு வந்து, கனகரத்தினம் அதை அடைத்தார். டிரம்மில் நம்பர் எழுதுகிற மையும் அவருடைய ஸ்டோரிலிருந்து வந்தது. “எங்க ஊர்ல வெரல்ல மை வச்சாத்தான் ஓட்டு” என்று உடையப்பன் ஒற்றைக்காலில் நின்றான். கலீல் ரஹ்மான்தான் தேர்தல் அதிகாரி. காஸ் சிலிண்டர்மேல் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை. எட்டுப் பேர் பனியனும் லுங்கியுமாக, பகிடி பேசிச் சிரித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார்கள். பழனியாண்டி வந்தான். சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, லீவுக்கு ஊர் போகும்போது போடவென்று பெட்டிக்குள் வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான்.

பகிடி நின்றது. கனகரத்தினம் தன் பனியனைக் குனிந்து பார்த்தார். ரூமுக்குப் போய் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பிறகு அரியரத்தினம் போனான். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும். கடைசியாகத் தியாகராசா, “இதென்ன பொம்பிளை பாக்கப் போறமோ” என்று முணுமுணுத்தபடி பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தான்.

பழனியாண்டியின் முறை வந்தது. உடையப்பன் அவனுடைய இடது சுட்டுவிரலைப் பிடித்து, தீக்குச்சியால் மையை நகத்தடியில் வைத்தான். குளிர்ந்தது. போர்வை மறைப்புக்குள் போனான். ஒரு பலகை, ஒரு பென்சில், சீட்டில் மீனும் பானையும். பென்சிலை எடுத்தான். நூறடி உயரத்தில் குழாய்மேல் நிற்கும்போதுபோல இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டான். அப்பா ஞாபகம் வந்தது. அம்மா ஞாபகம் வந்தது. கப்பல் ஏறிய அண்ணன் ஞாபகம் வந்தது. ஒரு சீட்டில் எத்தனை பேர் போட முடியும்?

“என்ன, உள்ளுக்கு நித்திரையோ?” என்றான் தியாகராசா.

“சுப்!” என்று அதட்டினார் கலீல் ரஹ்மான்.

பழனியாண்டி கோடு போட்டான். எதற்குப் போட்டான் என்று இங்கே சொல்வதற்கில்லை. இரகசிய வோட்டு என்றால் கதை கேட்கிறவர்களுக்கும் இரகசியம்தான். நாலாக மடித்து, டின்னுக்குள் போட்டு, விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நகர்ந்தான்.

கலீல் ரஹ்மான் ஒவ்வொரு சீட்டாக விரித்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். பானை. மீன். பானை. பானை. மீன். பானை. மீன். பானை. பானை.

ஆறுக்கு மூன்று.

இந்தியா ரூம் ஹோவென்று கத்தியது. லுக்மான் யாரையோ கட்டிப்பிடித்தான். அரியரத்தினம் விரல் விட்டு எண்ணினான், மறுபடி எண்ணினான். அவனுடைய கணக்கு செத்துவிட்டது. பழனியாண்டி பானைக்குப் போட்டிருந்தாலும், வெளியேறக் கை தூக்கிய நாலு பேரில் ஒருவன் மாறிப் போட்டிருக்கவேண்டும். மீனுக்குப் போட்டிருந்தால் இரண்டு பேர். எது சரியென்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது.

தியாகராசாவின் முகம் சிவந்தது. தன் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒருவன் கூரையைப் பார்த்தான், ஒருவன் காலைப் பார்த்தான், அரியரத்தினம் இன்னும் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஆரோ கள்ளன் மாறிப் போட்டிருக்கிறான்! இது செல்லாது. கை தூக்குங்கோ, இப்பவே பாப்பம்!”

பழனியாண்டிதான் முன்னால் வந்து டின்னுக்கும் தியாகராசாவுக்கும் நடுவில் நின்றான்.

“இல்லீங்க தியாகு அண்ணே. போட்டாச்சு.”

“அப்ப நீ எதுக்குப் போட்டனீ? அதைச் சொல்லு, மற்றவனை நான் பிடிக்கிறன்.”

“சொல்ல மாட்டேன்.”

“எத்தினை மீன்தலை தந்தனான் உனக்கு!”

“நல்லா இருந்துச்சுங்க.” அவன் சிரிக்கவில்லை. “ஒங்க பக்கம் போட்டிருந்தாலும் இதத்தான் சொல்லுவேன். போடாட்டியும் இதத்தான் சொல்லுவேன். நான் போட்டது தோத்திருந்தாலும் இங்கதான் நிப்பேன். ஆயுசுல ஒரு வோட்டு போட்டிருக்கேன் அண்ணே. அதக் கலைக்க விட மாட்டேன்.”

மூன்று நாட்டுக்காரர்களும் அந்த ஒல்லி ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தியாகராசா அவனுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தான், மை வைத்த விரலைப் பார்த்தான். நெஞ்சில் கட்டியிருந்த கையை மெதுவாக அவிழ்த்தான்.

“சரி. ஆனா பிடிச்சவனுக்கு நடுத்துண்டு. அது இனிச் சட்டம்.”

“ரெண்டு துண்டாவே வச்சுக்கோ சாமி” என்று உடையப்பன் ஓடிப்போய் அண்டாவை அடுப்பில் ஏற்றினான்.

மத்தியானம் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பழனியாண்டிக்கு ஒரு பக்கம் தியாகராசா. குழம்பு வாளியோடு வந்த உடையப்பன் குனிந்து காதுக்குள், “பானைதானே மாப்ள? எனக்குத் தெரியும்டா” என்றான். அதே நேரம் மறுகாதில் தியாகராசா, “நீ மீனுக்குத்தான் போட்டிருப்பாய். எனக்கு விளங்கும்” என்றான்.

பழனியாண்டி மை வைத்த இடது கையை முழங்காலில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வலது கையால் சோற்றைப் பிசைந்தான்.

“கொழம்பு இன்னொரு கரண்டி ஊத்துங்கண்ணே” என்றான்.