பென்சிலால் போட்ட மேற்கோள் குறிகள்

"அந்த நாவலை எழுதியது நான்தான்" என்று இன்று நூலகத்தில் நான் சொல்லவில்லை. தெரிந்த நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

புனைபெயரில் வந்த என் சுப்பர் ஹீரோ நாவலில் யார் பேசினாலும் மேற்கோள் குறி கிடையாது. நூலகப் பிரதியில் யாரோ ஒரு வாசகர் முதல் பக்கத்திலிருந்தே வசனங்களுக்குப் பென்சிலால் குறி போட்டிருந்தார்.

நூலகர் அக்காவுக்குக் கோபம். "உந்த வேலையைப் பாருங்கோ தங்கச்சி! ஆரோ பள்ளிக்கூட ரீச்சர் திருத்தி வைச்சிருக்கிறா. அழிக்க உதவி செய்யுங்கோ."

"ஓமக்கா."

ஒருவருக்கும் விளங்காமல் எழுதிவிட்டேனோ என்று நொந்தபடி அழித்தேன்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில், கொழும்புத்துறைக் கடலில் தாழும் வள்ளத்தை நாயகி தூக்குகிறாள். அதற்குப் பிறகு ஒரு குறிகூட இல்லை.

"ரீச்சர் களைச்சுப் போனா போல" என்றேன்.

"சீ, கதை பிடிச்சிருக்கும். பொறுங்கோ, வள்ளத்துக்கு என்ன நடந்தது எண்டு பாப்பம்" என்று அக்கா வாசிக்கத் தொடங்கினார்.

இன்று நூலகம் பூட்ட இருபது நிமிடம் பிந்தியது.