வேரை உதறாதீர்கள்

கணவர் இறந்ததும் கல்பாக்கம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, படூரில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறேன். பேச்சுத்துணை போலிருக்கட்டுமென்று நர்சரியில் இரண்டு செம்பருத்திச் செடிகள் வாங்கினேன். இரண்டும் தென்னைநார்த் தூளில் வளர்ந்தவை. என்ன இருந்தாலும் மண் போல வருமா என்று, முதல் செடியின் வேரிலிருந்த தூளை ஒட்ட உதறிவிட்டு மண்ணில் நட்டேன். தூளோடு மெல்லிய வேர்களும் அறுந்துபோய், செடி வாடிச் செத்தது.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் கத்தினான்: "ஏம்மா உதறினே? நல்லா தண்ணி ஊத்தி, வேரைச் சுத்தியிருக்கிற அந்தத் தூள் கட்டியோடயே பெரிய தொட்டியில எறக்கணும்மா."

இரண்டாவது செடி அப்படித்தான் பிழைத்தது. இப்போதெல்லாம் எந்தச் செடியையும் அதன் கட்டியோடுதான் மாற்றுகிறேன்.

"அப்பா சைக்கிள் எதுக்கும்மா, வித்துடு" என்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது சொன்னவனும் அவன்தான். விற்கவில்லை. பால்கனியில் செம்பருத்திக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன்.