உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி

எங்கள் வரலாற்றுச் சங்கத்தின் முகநூல் பக்கத்தை என் தலையில் கட்டியபோது அது பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. குத்துவிளக்கு ஏற்றும் படங்கள், மேடையில் வரிசையாக நிற்கும் செயற்குழு, அடியில் முழ நீளத்துக்கு நன்றி. லைக் போடுவதும் அதே செயற்குழுதான்.

அந்த மாதம் மெல்பேர்னின் கிளேட்டன் பகுதியில், ஒரு மண்டபத்தில் பேச்சு ஏற்பாடாகியிருந்தது. பேச இருந்தவர் ரோவிலில் இருக்கும் ஓர் அங்கிள். தமிழ்க் கடையே இல்லாத காலத்தில் மெல்பேர்னுக்கு வந்தவர். முன்பொரு முறை ஆளில்லாத வெறும் கதிரைகளுக்குப் பேசிய அனுபவம் அவருக்கு உண்டு. அந்தக் காயம் ஆறவில்லை.

"ஆக்கள் வருவினமோ பிள்ளை? இன்னொருக்கா அப்பிடி நிண்டு கதைக்க என்னால ஏலாது," என்றார்.

மண்டபம் நிறையும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் அதை எப்படி நிறைப்பதென்று யோசித்தேன்.

நல்ல பதிவு எப்படிப் போடுவதென்று தேடிப் படித்தேன். ஒரு முகம் வேண்டும், முதல் வரியிலேயே ஆளைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். அங்கிள் தந்த அண்மைய படத்தை, வரலாறு என்றால் வரலாறு மாதிரி இருக்க வேண்டாமா என்று கறுப்பு வெள்ளையாக்கினேன். "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ரோவிலை வதிவிடமாகவும் கொண்ட" என்று கம்பீரமாகத் தொடங்கினேன். இடமும் நேரமும் கடைசியில். போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

மதியம் போனைத் திறந்தால், "ஆழ்ந்த அனுதாபங்கள்." "ஓம் சாந்தி." "நல்ல மனிசன், போன கிழமையும் கடையில கண்டனான்." எங்கள் சனம் முதல் வரிக்கு மேல் வாசிக்காது. மரண அறிவித்தலைத் தவிர வேறெங்கே நாங்கள் 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்' என்று எழுதுகிறோம்? பதறிப்போய் "அங்கிள் நலமாக இருக்கிறார்" என்று இன்னொரு பதிவு போட்டேன். அதற்கு லைக் போட்டவர் அங்கிள் மட்டும்தான்.

வேலை முடிந்ததும் ரோவிலுக்கு ஓடினேன். சாவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று யாரோ கொண்டுவந்த சோறும் கறியும் மேசையில் இருந்தன. இறந்தவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள், இப்பவே அழிக்கிறன்."

"பொறு பிள்ளை. நான் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை."

போனை என் பக்கம் திருப்பினார். நகரின் மறுகோடியில், வெரிபீயில் இருக்கும் அவருடைய பழைய நண்பர் எழுதியிருந்தார். வந்த புதிதில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஏதோ சங்கத் தேர்தலில் முறுகி, பல வருடமாகப் பேச்சில்லை. 'எனக்கு வேலை இல்லாத காலத்தில் சோறு போட்டவன். கடைசிவரை போய்ப் பார்க்காமல் விட்டிட்டன்.'

"செத்தால்தான் இவன் என்னைப்பற்றி நல்லது சொல்லுவான் எண்டு தெரிஞ்சிருந்தா எப்பவோ செத்திருப்பன்," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"அழிக்காதை. நான் உயிரோட இருக்கிறன் எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லவும் வேண்டாம்."

பேச்சு நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் என்னைத் திட்ட வந்தவர்கள். அங்கிள் மைக்கைப் பிடித்து வணக்கம் சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. வெள்ளை வேட்டியும் கையில் மலர்வளையமுமாக வெரிபீக்காரர் நின்றார். பதிவைப் போட்ட அன்றே கடைசி வரி வரை வாசித்து, இடமும் நேரமும் குறித்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். இரங்கல் கூட்டம் என்று நினைத்து வந்திருக்கிறார்.

மேடையைப் பார்த்தவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய், நீ சாகேல்லையோ?"

"நீ வாறியோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்ரா."

அங்கிள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனார். மலர்வளையம் நடுவில் நசுங்க, இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று பேச்சு நடக்கவேயில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. முகநூலுக்குப் படம் எடுக்க வேண்டியவள் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்ததில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.